உப்புக் கை ஸ்ரீகண்டனும் ஒரு வெள்ளை மாத்திரையும்

கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் வந்து ஸ்ரீகண்டன் வீடு எது என்று கேட்டால், எந்த ஸ்ரீகண்டன் என்று திருப்பிக் கேட்பார்கள். பாங்க் ஸ்ரீகண்டன் ஒருவர், ட்யூஷன் ஸ்ரீகண்டன் ஒருவர், சும்மா இருக்கிற ஸ்ரீகண்டன் ஒருவர். உப்புக் கை ஸ்ரீகண்டன் என்று சொல்லிவிட்டால் மட்டும் மறுகேள்வி கிடையாது. வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் என்ன விசேஷம் என்றும் கேட்டுக்கொண்டுதான் திரும்புவார்கள்.

கல்யாணச் சமையல்தான் அவருக்குத் தொழில். கரமனையிலிருந்து வலியசாலை வரைக்கும் எந்த அக்ரகாரத்துக் கல்யாணமானாலும், பஞ்சாங்கத்தில் நாள் பார்த்த கையோடு ஸ்ரீகண்டனுக்கு அந்த நாள் தோதுப்படுமா என்று பார்ப்பார்கள். தோதுப்படாவிட்டால் பஞ்சாங்கத்தைத்தான் மறுபடியும் புரட்டுவார்கள். பாயசம் வைக்க ஆள் உண்டு, அவியல் வைக்க ஆள் உண்டு. உப்புப் போட அவரைப் போல ஆள் கிடையாது என்பது ஊர்ப் பேச்சு.

உப்புப் போடுவது என்ன பெரிய வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சமையலில் சுவாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் ஒருத்தரும் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. காட்டின உடனே இலை போட்டுவிடுவார்கள். நானூறு பேருக்கு வைத்த சாம்பாரின் முதல் சொட்டு யார் நாக்கில் படுகிறதோ, அவர்தான் அதில் உப்பு சரியா என்று சொல்லப்போகிற முதல் மனிதர். அதற்குப் பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்? மற்ற சமையல்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஆவியை மோந்து பார்த்து, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு சமாளிப்பார்கள். ஸ்ரீகண்டன் அப்படியெல்லாம் மோந்து பார்க்கிற ஆசாமி இல்லை.

அவர் பழக்கமே தனி. எல்லாப் பதார்த்தமும் உப்பில்லாமல் வெந்து இறங்கத் தயாராக இருக்க வேண்டும். பிறகு அவர் இன்னொரு தடவை குளித்து, ஈர வேஷ்டியோடு, கல்லுப்பு நிறைந்த ஓலைப் பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு அடுப்பு அடுப்பாக ஒரே ஒரு சுற்று வருவார். நூறு இலைக்கு மொத்தம் முப்பது பிடி. சாம்பாருக்குப் பத்து, அவியலுக்கு ஆறு என்று ஒவ்வொன்றுக்கும் மனசில் கணக்கு உண்டு. கை நீளத்துக்குத் தள்ளி நின்று வீசுவார். சுற்று முடிந்தால் முடிந்தது. உதவியாட்கள் உப்புப் பெட்டியைத் தொட்டால் அன்றோடு அவர்களுக்கு வேறு வேலை.

இதில் ஒரு விசேஷம் என்னவென்றால், வீசும்போது அவர் வலது கை நடுங்கும். சாதாரண நடுக்கம் இல்லை. முப்பது வயதிலேயே ஆரம்பித்து, போகப் போக அதிகமாகி, கை தனியாக ஒரு ஆட்டம் ஆடும். உப்புப் போடும்போது அவருக்கு அன்னபூரணி ஆவேசம் வருகிறது என்று பெண்டுகள் சொன்னார்கள். சில பேர் அந்தச் சமயத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு. ஸ்ரீகண்டன் ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகியா போயிருக்கும்? அதையும் சொன்னதில்லை.

இப்படி இருபத்தைந்து வருஷம் ராஜாவாக இருந்தவர், எழுபத்தெட்டாம் வருஷம் ஐம்பத்துநாலு வயதில், ஒரு சீமந்தத்தில் பால் பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். மனைவி சூடாமணி அவரைப் பிடிவாதமாக டாக்டர் அருமைநாயகத்திடம் இழுத்துக்கொண்டு போனாள். அருமைநாயகம் நாகர்கோவில்காரர். கோட்டைக்கு வெளியே ஒரு மாடியில் டிஸ்பென்சரி வைத்திருந்தார். கையில் பட்டையைக் கட்டி, பந்தை அமுக்கி, பாதரசத்தைப் பார்த்தவர், நம்பாமல் இன்னொரு தடவை அமுக்கினார்.

"சாமி, இதுக்கு முன்னால எப்பமாவது பிரஷர் பாத்திருக்கீரா?"

"குக்கர்லதான் பாத்திருக்கேன். அதுவும் அடுத்தாத்துல. நான் குக்கர்ல சமைக்கறதில்லை."

"இருநூத்திப்பத்து, நூத்தியிருவது."

"அது நல்லதாக்கும், கெட்டதாக்கும்?"

"பரீட்சையில வாங்கினா நல்லது. மூச்சிழுப்பு உண்டா உமக்கு?"

"எனக்கில்லை. எங்க மன்னிக்கு உண்டு."

"அவங்களுக்கு நான் மருந்து எழுதல. உமக்குத்தான் எழுதுதேன்" என்று சீட்டில் எழுதினார். ப்ரொப்ரனலால் என்று ஒரு மாத்திரை. பெயர் ஸ்ரீகண்டன் வாயில் நுழையவில்லை. வெள்ளையாக, சின்னதாக, ஜவ்வரிசிக்கு அண்ணன் மாதிரி இருந்தது.

"இது என்ன பண்ணும்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "உம்ம நெஞ்சை ஒரு அடுப்புன்னு வச்சுக்கிடும். ஒருத்தன் அதுல நிறுத்தாம விறகைத் தள்ளிக்கிட்டே இருக்கான். பாத்திரம் சும்மா கொதிச்சா போதும், இவன் பொங்க வைக்கான். இந்த மாத்திரை அவன் கையைப் பிடிச்சுக்கிடும். நெஞ்சு நிதானமா அடிக்கும், பிரஷர் எறங்கும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"எத்தனை நாளைக்கு?"

"தினமும்."

"நன்னா ஆனப்புறம்?"

"நல்லாயிருக்கதே மாத்திரையாலதான், சாமி. இஷ்டத்துக்கு நிறுத்தப்படாது. திடீர்னு நிறுத்தினீரோ, கையை விடுவிச்ச மாதிரி அவன் ரெண்டு கையாலயும் விறகைத் தள்ளுவான். முன்னைக்கு இப்பம் மோசமாப் போயிரும். உமக்கு ஒத்துக்கிடுதுன்னு அடுத்த வீட்டுக்காரருக்கும் குடுத்திராதேயும். அப்புறம் உப்பைக் குறைக்கணும்."

ஸ்ரீகண்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதுல?"

"உம்ம சாப்பாட்டுல. ஊர் சாப்பாட்டுல இல்ல. எல்லாம் மனசிலாச்சா?"

"மனசிலாச்சு" என்றார் ஸ்ரீகண்டன். ஒன்றும் ஆகவில்லை. பின்னால் நின்றுகொண்டிருந்த சூடாமணிக்குத்தான் எல்லாம் ஆயிற்று. அன்று ராத்திரியிலிருந்து வீட்டில் அவர் இலைக்கு உப்பு நின்றது. ரசம் என்ற பெயரில் புளித்தண்ணீரும், கூட்டு என்ற பெயரில் வெந்த பூசணிக்காயும் வந்தன. ஊருக்கே உப்புப் போடுகிறவன் உப்பில்லாமல் சாப்பிடுகிறேனே என்று அவருக்கு அழுகையே வந்தது. சூடாமணி மோரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் மாத்திரை வேலை செய்தது. பதினைந்து நாளில் தலைசுற்றல் போயிற்று. கூடவே இன்னொன்றும் போயிற்று. ஒரு நாள் காலையில் காப்பியை டம்ளரிலிருந்து டபராவுக்கு ஆற்றுகிறார், ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை. வலது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே நீட்டினார். சுவரில் அடித்த ஆணி கணக்காக அப்படியே நின்றது.

அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கூஜாவைத் தோளுக்கு மேலே தூக்கிக் காப்பியை ஆற்றினார். சூடாமணி தைத்துக்கொண்டிருந்த ஊசியைப் பிடுங்கி நூல் கோர்த்தார். அது போதாமல் தெருவில் இறங்கி, யாராத்தில் ஊசி இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுக் கோர்த்துக் கொடுத்தார். ஒரு வாரம் அந்தத் தெருவில் நூலில்லாத ஊசியே கிடையாது. ராத்திரியில் மட்டும் விசித்திரமான கனவுகள் வந்தன. ஒரு வெண்கல உருளி வேஷ்டி கட்டிக்கொண்டு வந்து, ஓய், என்னை ஏன் கவிழ்த்து வைத்தீர் என்று கேட்டது. டாக்டரிடம் சொன்னார். அது இந்த மாத்திரைக்குச் சில பேருக்கு வரும், உருளிக்கு மரியாதையாகப் பதில் சொல்லும் என்றார் டாக்டர்.

அதற்கப்புறம்தான் சனியன் பிடித்தது.

வலியசாலையில் ஒரு கல்யாணம், இருநூறு இலை. ஸ்ரீகண்டன் வழக்கம்போல ஈர வேஷ்டியோடு உப்புச் சுற்று வந்தார். கை ஆடவில்லை. அறுபது பிடியும் போட்ட இடத்தில் போட்டபடி விழுந்தது. தனக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது அவருக்கு. முதல் பந்தியில் சாம்பார் ஊற்றினார்கள். முதல் கவளம் வாய்க்குப் போயிற்று. பந்தி முழுக்க ஒரே சமயத்தில் தண்ணீர் டம்ளரை எடுத்தது. உப்பில் அவியல் சாம்பாருக்கு மேலே இருந்தது. ஓலன் அவியலுக்கு மேலே இருந்தது. அரை மணி நேரத்தில் மண்டபத்துத் தண்ணீர்த் தொட்டி காலி. பாயசத்தில் உப்புச் சமாசாரம் இல்லாததால், ஜனங்கள் சாதத்தில் பாயசத்தைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

இந்தத் தடவை வந்த உப்பு சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார் ஸ்ரீகண்டன். வேறு கடையில் வேறு உப்பு வாங்கினார். கரமனையில் ஒரு அறுபதாம் கல்யாணம். அறுபது வயது மாப்பிள்ளை ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்க ஆசை என்றார். அடுத்தது ஒரு பூணூல். அங்கேயும் அதே கதை.

ஊர் சும்மா இருக்குமா? தான் திங்க முடியாத உப்பையெல்லாம் நம் தலையில் கொட்டுகிறான் என்றது ஒரு கட்சி. அன்னபூரணி கோபித்துக்கொண்டு போய்விட்டாள், கை ஆடுவது நின்றுவிட்டது பார்த்தீர்களா என்றது இன்னொரு கட்சி. எதிர்ப்பட்டால் முந்தியெல்லாம் எங்காத்துக்கு எப்போ வரேள் என்பார்கள். இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வேகமாக நடந்தார்கள். ஸ்ரீகண்டனுக்கு அது பொறுக்கவில்லை. வெட்கத்தில் அவர் சாயங்காலம் கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார்.

கையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கல்யாணம். ரிட்டையர்டு சூப்ரண்டு ராமசுப்ரமணியனின் பெண் சாவித்ரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மெட்ராஸ். நானூறு இலை. ராமசுப்ரமணியன் ஒரு வாரம் முன்னால் ஸ்ரீகண்டனைத் தேடி வந்து, ஈசிசேரில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"ஸ்ரீகண்டா, நாகர்கோவில் சமையல் பார்ட்டியைக் கூப்பிடுங்கோன்னு ஆத்துல எல்லாரும் சொல்றா. நான்தான் வேண்டாம்னுட்டேன். எங்க அப்பா காரியத்துக்கும் நீதான் சமைச்சே, என் கல்யாணத்துக்கும் நீதான் சமைச்சே. ஆனா மெட்ராஸ்காரா வரா. அவா முன்னால மானம் போயிடப்படாது. இந்தத் தடவையும் உப்பு கரிச்சா, அப்புறம் உன்னை நான் கூப்பிட்டாலும் ஊர் கூப்பிடாது, கேட்டியா."

அன்று முழுக்க ஸ்ரீகண்டன் யோசித்தார். அவர் யோசிக்க ஆரம்பித்தால் ஆபத்து என்பது சூடாமணிக்குத் தெரியும். அவள் அன்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். ஸ்ரீகண்டன் கண்டுபிடித்தது இதுதான்: உப்பு அதேதான், பிடி அதேதான், அடுப்பு அதேதான். புதிதாக வந்தது மாத்திரை ஒன்றுதான். அந்த மாத்திரை உடம்பிலிருக்கும் உப்பை வெளியே தள்ளுகிறது. எந்த வழியாகத் தள்ளும்? கை வழியாகத்தான். வேர்வையோடு வேர்வையாக இறங்கி, பிடி உப்போடு சேர்ந்து சாம்பாரில் விழுகிறது. நானூறு பேர் வாயில் போகப்போவது கடல் உப்பு மட்டுமில்லை, ஸ்ரீகண்டனின் சொந்த உப்பும்தான்.

தன் கையைத் தானே நக்கிப் பார்த்தார். கரித்தது. யார் கையை நக்கினாலும் கரிக்கும் என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் மாத்திரையை நிறுத்தினார். சூடாமணி கையில் கொடுத்ததும் வாயில் போட்டுக்கொள்வது போலப் பாவனை செய்து, கொல்லைக் கறிவேப்பிலைச் செடியடியில் போட்டார். இரண்டாம் நாள் விரல் நுனி ஆடியது. மூன்றாம் நாள் மணிக்கட்டு. நாலாம் நாள் காப்பி வேஷ்டியில் கொட்டியது, அவர் ஆனந்தமாகத் துடைத்துக்கொண்டார். நெஞ்சு கொஞ்சம் படபடவென்று அடித்தது. கல்யாணப் பதற்றம், வெப்ராளம் என்று விட்டுவிட்டார்.

முகூர்த்தத்தன்று காலை எட்டரை மணிக்கு எல்லாப் பதார்த்தமும் அடுப்பில் வெந்துகொண்டிருந்தன. ஸ்ரீகண்டன் இரண்டாவது குளியலுக்காகக் கிணற்றடிக்குப் போனார். வாளியைத் தூக்கினார். நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி இறுகியது. வாளியை விட்டுவிட்டுக் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சுடலைமாடத்தி கரிக் கையோடு ஓடி வந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி. ஸ்ரீகண்டன் சமைக்கிற கல்யாணத்தில் எல்லாம் பாத்திரம் கழுவுவதும், பந்தி முடிந்து அடுப்படியைப் பெருக்குவதும் பதினெட்டு வருஷமாக அவள்தான்.

"சாமிக்கு என்னமோ பண்ணுது" என்று அவள் போட்ட சத்தத்தில், டிபனுக்கு வந்து முதல் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த டாக்டர் அருமைநாயகம் இட்லியை விட்டுவிட்டு வந்தார். ராமசுப்ரமணியன் குடும்பத்துக்கும் அவர்தான் டாக்டர். அப்பளக் கூடைகளுக்கு நடுவே, ஸ்ரீகண்டனைச் சாமான் அறையில் அரிசி மூட்டையில் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். டாக்டர் நாடியைப் பிடித்தார். நூற்றிருபது ஓடியது. பையைக் கொண்டுவரச் சொல்லி, நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்தார்.

"வெள்ளை மாத்திரையை எப்பம் நிறுத்தினீரு?" என்று கேட்டார்.

"யார் நிறுத்தினா?"

"சாமி, நான் இட்லியை விட்டுட்டு வந்திருக்கேன். பொய் சொல்லாதேயும்."

"அஞ்சு நாளாச்சு."

வாசலில் நின்ற சூடாமணி இதைக் கேட்டாள். அவள் சாதாரணமாகக் கல்யாண வீடுகளுக்கு வருகிறவள் இல்லை. அன்று ஏனோ மனசு கேட்காமல் வந்திருந்தாள். "என் கையால வாங்கி முழுங்கினேளே" என்றாள். உள்ளே வந்து அவர் தலைமாட்டில் நின்றாள். "உங்க பேரு போனா போகட்டும். உப்பு போனா போகட்டும். நீங்க போனா நான் என்ன பண்ணுவேன்?"

ஸ்ரீகண்டன் அப்பளக் கூடையைப் பார்த்துக்கொண்டே டாக்டரிடம் தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். கை வழியாக உப்பு இறங்குகிற கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னார். டாக்டர் படிப்பு ஐந்து வருஷத்திலும், தொழில் இருபது வருஷத்திலும் அருமைநாயகம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. சிரிப்பதா வைவதா என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாத்திரை உப்பைத் தள்ளாது, ஓய். சில பேருக்குக் கை நடுக்கத்தை நிறுத்தும். அது நல்லதுக்குத்தான். நடுக்கம் நின்னா உப்பு எப்படிக் கூடும்?"

அப்போது கதவுக்கு வெளியேயிருந்து சுடலைமாடத்தி பேசினாள். "சாமி, நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"சொல்லு."

"ரெண்டு மூணு மாசமா எனக்கு உப்பு விழ மாட்டேங்கு. சாமிக்கு எம்மேல ஏதும் வருத்தமோன்னு இருந்தேன்."

"உனக்கு என்ன உப்பு?"

"முன்னெல்லாம் சாமி உப்புப் போட்டா அடுப்பைச் சுத்தி மழை பேஞ்ச மாதிரிக் கிடக்கும். பந்தி முடிஞ்சதும் கூட்டிப் பெருக்கி, சாம்பலைச் சலிச்சிட்டு எடுத்துட்டுப் போவேன். நூறு இலைக் கல்யாணம்னா அஞ்சு சிரட்டை தேறும். தீக்குள்ள விழுந்து படபடன்னு வெடிக்கது வேற. பதினெட்டு வருசமா எங்க வீட்டுல கருவாட்டுக்கு உப்பு விலைக்கு வாங்குனதில்ல. இப்பம் பெருக்கினா வெறும் சாம்பலுதான் வருது. கருவாடெல்லாம் புழுத்துப் போச்சு."

அக்ரகாரத்துக் கல்யாண உப்பு இத்தனை வருஷமாகக் கருவாட்டுக்குப் போயிருக்கிறது என்ற சேதி, வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சாமான் அறையில் பெரிய ரகளையைக் கிளப்பியிருக்கும். அன்று யாருக்கும் அது உறைக்கவில்லை. டாக்டர் ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துவரச் சொல்லி, ஸ்ரீகண்டனை ஆடாத இடது கையால் உப்பை அள்ளிப் போடச் சொன்னார். இரண்டு பிடிக்கு ஒரு சிரட்டை நிறைந்தது. ஐந்து சிரட்டை என்றால் பத்துப் பிடி. தீயில் விழுந்து வெடித்தது ஐந்து பிடியாவது இருக்கும். ஆக, வீசின முப்பது பிடியில் பதினைந்துதான் பாத்திரத்துக்குள் போயிருக்கிறது.

ஸ்ரீகண்டன் எழுந்து உட்கார்ந்தார். அன்னபூரணியும் இல்லை, ஆவேசமும் இல்லை. வருஷா வருஷம் கை நடுக்கம் கூடக் கூட, உப்புப் போதவில்லை என்று ஒவ்வொரு பிடியாகத் தான் ஏற்றிக்கொண்டே வந்தது அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. மெச்சிக்கொண்டு திரிந்த கணக்கில் பாதி அடுப்புக்கும் கருவாட்டுக்கும் போட்ட கணக்கு. வெட்கமாக இருந்தது. அதைவிட, அழ வேண்டும் போல இருந்தது.

"நாகர்கோவில் பார்ட்டிக்கு ஆளனுப்பச் சொல்லுங்கோ" என்றார்.

"இனிமே எங்க ஆளனுப்ப?" என்று டாக்டர் பழைய வெள்ளை மாத்திரையைத் தண்ணீரோடு நீட்டினார். "இதைப் போட்டுக்கிட்டு அசையாமப் படும். நாடி எறங்கணும், வலி போகணும். ரெண்டும் ஆனா மட்டும் எழுந்திருக்க விடுவேன். இல்லன்னா நானே உப்பைப் போட்டுட்டு உம்மைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

அந்தப் பயமுறுத்தல் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. ஸ்ரீகண்டன் கண்ணை மூடிக்கொண்டு கட்டையாகப் படுத்தார். வெளியே நாதஸ்வரம் வாசித்தார்கள். உப்பில்லாத பதார்த்தங்கள் அடுப்பிலிருந்து இறங்கி வரிசையாகக் காத்திருந்தன. ராமசுப்ரமணியன் கால் மணிக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். வலி அரை மணியில் போயிற்று. பத்தரைக்கு டாக்டர் நாடியைப் பார்த்தார். எழுபத்தாறு. "கையை நீட்டும்" என்றார். நீட்டிய விரல்கள் லேசாகத்தான் ஆடின.

"நாளைக்கு ஈசிஜி எடுக்க வரணும். வருவேன்னு சொன்னாத்தான் இப்பம் உப்புப் பெட்டியைத் தொடணும்."

"வரேன்."

"அவங்களைப் பாத்துச் சொல்லும்."

ஸ்ரீகண்டன் சூடாமணியைப் பார்த்து, வரேன் என்றார்.

குளிக்க டாக்டர் விடவில்லை. தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, ஸ்ரீகண்டன் உப்புச் சுற்று வந்தார். இந்தத் தடவை வீசவில்லை. பாத்திரத்துக்குப் பக்கத்தில் போய், கையைத் தாழ்த்தி, எண்ணிப் போட்டார். நூற்றிருபது போட வேண்டிய இடத்தில் அறுபது. ஒரு கல்கூட வெளியே போகவில்லை. உதவியாட்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அவர் முகத்தில் ஒரு துளி கர்வம் இல்லை, பயம்தான் இருந்தது.

இலை போட்டார்கள். அவர் கதவிடுக்கில் நின்றார். அவர் பார்த்தது சாப்பிடுகிறவர்களின் முகத்தை அல்ல, இலை ஓரத்தில் பரிமாறியிருந்த உப்பை. அறுபது போதாமல் போயிருந்தால் எல்லார் விரலும் அங்கே போகும். அதிகமாயிருந்தால் தண்ணீர் டம்ளருக்குப் போகும். சாம்பார் வந்தது. முதல் கவளம், இரண்டாம் கவளம். ஒரு விரலும் இலை ஓரத்துக்குப் போகவில்லை. ஒரு டம்ளரும் எழும்பவில்லை. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் கையைத் தூக்கினார். ஸ்ரீகண்டன் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு கரண்டி சாம்பார்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அப்புறம் கேட்க வேண்டுமா? மூன்று பந்தியும் முடிவதற்குள் சமையலறைக்கு வந்து பாராட்டாதவர்கள் கிடையாது. ராமசுப்ரமணியன் ஸ்ரீகண்டனைக் கட்டிக்கொண்டார். அன்னபூரணி திரும்பி வந்துவிட்டாள் என்று ஒரு அம்மாள் சொன்னாள். "அன்னபூரணியெல்லாம் இல்லை, மாமி. டாக்டரோட மாத்திரை" என்றார் ஸ்ரீகண்டன், வாழ்க்கையில் முதல் தடவையாக. அந்த அம்மாள் உடனே, அந்த மாத்திரையை எங்காத்துச் சமையல்காரனுக்கும் வாங்கித் தரேளா என்று கேட்டாள். டாக்டர் வெற்றிலையை மென்றுகொண்டே தலையிலடித்துக்கொண்டார்.

கடைசியில் சமையல்காரர்களுக்கு இலை போட்டார்கள். ஸ்ரீகண்டனுக்கு வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் வந்த உப்பில்லாத சாப்பாடு. அவருக்கு எதிரே சூடாமணிக்கு இலை. கல்யாண வீட்டில் தன் சமையலை அவள் சாப்பிட்டு அவர் பார்த்தது பத்து வருஷத்துக்கு முன்னால். நானூறு பேர் சொன்னாயிற்று. ஆனாலும் அவள் வாயிலிருந்து கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. அவள் சாம்பார் சாதத்தை ஒரு வாய் எடுத்து வைத்தாள். முகம் சுருங்கியது. தண்ணீர் டம்ளரை எடுத்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லை."

"சொல்லேன்."

"உப்பு கரிக்கறது."

ஸ்ரீகண்டன் கையிலிருந்த கவளம் இலையில் விழுந்தது. அப்படியானால் நானூறு பேரும் மரியாதைக்குச் சொல்லியிருக்கிறார்கள். உதவியாட்கள் அவசரமாகத் தங்கள் சாம்பாரைச் சாப்பிட்டுப் பார்த்து, சரியாத்தானே மாமி இருக்கு என்றார்கள். அவள் இன்னொரு வாய் எடுத்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நாடி பார்க்க வந்து பக்கத்தில் நின்றிருந்த டாக்டர், சூடாமணி பக்கம் திரும்பினார்.

"அம்மா, வீட்டுல நீங்க என்ன சாப்பிடுதீங்க?"

"இவருக்குப் பண்றதைத்தான். ரெண்டு பேருக்கு ரெண்டு தினுசா யார் பண்ணிண்டிருப்பா?"

"எத்தனை நாளா?"

"மாத்திரை ஆரம்பிச்ச அன்னிலேந்து. மூணு மாசம் ஆச்சு."

"உமக்கு இது தெரியுமா?" என்று டாக்டர் ஸ்ரீகண்டனைக் கேட்டார்.

ஸ்ரீகண்டனுக்குத் தெரியாது. மூன்று மாசமாக மோரை ஊற்றிவிட்டு அவள் உள்ளே போனது, அதே புளித்தண்ணீரையும் அதே பூசணிக்காயையும் சாப்பிடத்தான் என்பதை அவர் ஒரு நாளும் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. ஊரில் யார் யாருக்கு உப்பு எவ்வளவு என்று கணக்கு வைத்திருந்தவர் அவர்.

"உனக்கென்ன பிரஷரா, பயித்தியமே? நாளைலேந்து நீ உப்புப் போட்டுண்டு சாப்பிடு" என்றார்.

"எனக்கு வேண்டாம். பழகிடுத்து" என்று அவள் சாம்பார் சாதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அவருடைய தூக்கைத் தன் பக்கம் இழுத்து, அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டாள்.